பின்னறையிலிருந்து முன்னறைக்கு

பர்னபாஸ் கோமஸ் இறந்து எட்டு மாதம் கழிந்து, மழை வருவதுபோல் வந்து மேகம் கலைந்துபோன ஒரு வியாழக்கிழமை காலையில், அவருடைய பழைய கம்ப்யூட்டரிலிருந்து மகன் வாங்கி அனுப்பிய புது லேப்டாப்புக்குப் படங்கள் போகத் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில், இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் அடக்கம் பண்ணப்பட்ட அந்தோணிமுத்து வாத்தியார், வெள்ளை முழுக்கைச் சட்டையும் கையில் ஒரு தட்டு மிக்சருமாகப் பின்னறை வாசலில் தோன்றி, இரண்டு அறைக்கும் நடுவில் கிடக்கும் நீளக் கூடமான பட்டாசலை நிதானமாக நடந்து கடந்து, முன்னறைக்குள் போய்ச் சேர்ந்தார். அப்போது பர்னபாஸின் மனைவி தெக்லா பட்டாசல் நடுவில் உட்கார்ந்து சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். வாத்தியாருக்கு வழிவிட வேண்டும் என்று காலைச் சற்று ஒடுக்கிக்கொண்டாள். அதற்குமேல் அந்த நேரத்தில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கை கழுவிவிட்டு முன்னறையை எட்டிப் பார்த்தபோது அங்கே ஆள் இல்லை. தையல் மிஷின் மேல் வைத்திருந்த லேப்டாப்பில் ஒரு பச்சைக் கோடு மட்டும் நகம் அளவுக்கு வளர்ந்திருந்தது. அவள் திரும்புவதற்குள் வாத்தியாரின் மனைவியும், அவள் இடுப்பில் ஒரு பிள்ளையும், அந்தப் பிள்ளையின் ஞானஸ்நான விருந்துக்கு வந்திருந்த பதினொரு பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டிருந்தார்கள். பேச்சு இல்லை. காலடி மட்டும் கேட்டது, கோயில் முடிந்து கூட்டம் கலையும்போது கேட்குமே, அப்படி.

தூத்துக்குடியில் கடலிலிருந்து மூன்றாவது தெரு எங்களுடையது. துறைமுகத்தில் சரக்கு இறக்கிக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த பர்னபாஸ், ஞாயிற்றுக்கிழமைகளில் கழுத்தில் கேமராவோடு திரிந்தார். அவர் வந்து நிற்காமல் இந்தத் தெருவில் ஒரு பிள்ளைக்குத் தலையில் தண்ணீர் ஊற்றப்பட்டதில்லை, ஒரு பெண்ணுக்குத் தாலி கட்டப்பட்டதில்லை, ஒரு பெட்டி மூடப்பட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு பின்னறையில் உட்கார்ந்து, பிஸ்கட் டப்பாக்களில் கிடந்த பழைய நெகட்டிவ்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, ஆறு வருடம் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். மொத்தம் நாற்பத்தோராயிரம் படம். ஏற்றி முடித்து இரண்டு மாதத்தில், குளித்துவிட்டு வந்து துண்டைக் கொடியில் போடக் கையைத் தூக்கியவர், அப்படியே சரிந்து விழுந்து போய்விட்டார்.

அந்தக் கம்ப்யூட்டர் கிழடு என்று மகன் டைட்டஸ் தோகாவிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தான். அதனால்தான் முந்தின நாள், பக்கத்துச் சாலையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் சுயம்புலிங்கம், மத்தியானச் சாப்பாட்டைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு வந்து பார்த்தார்.

“மூணு வழி இருக்கு அக்கா. பென்டிரைவ்ல ஏத்திக் கொண்டுபோய் இறக்கலாம். உங்ககிட்ட இருக்கது சின்னது, நாப்பது நடை நடக்கணும். நீலக் கேபிள் போட்டு ரெண்டையும் நேராக் கட்டிறலாம், ஒரு மத்தியானத்துல சோலி முடிஞ்சிரும். இல்லன்னா பழசுல ஒரு வைஃபை குச்சியைச் செருகிக் காத்துலயே விடலாம். ஆனா அது மாட்டுவண்டி. ஒரு மாசம் இழுத்தாலும் இழுக்கும்.”

“எதுல ஒண்ணும் விட்டுப்போகாது?”

“கேபிள்ல.”

“கேபிள் பட்டாசல் குறுக்க கிடக்குமே தம்பி. போன வருசம்தான் முட்டு ஆபரேசன் பண்ணிருக்கேன். தடுக்கி விழுந்தா யாரு தூக்குவா?”

சுயம்புலிங்கம் யோசித்துப் பார்த்து, அதுவும் சரிதான் என்று வைஃபை குச்சியைச் செருகி, காலையில் எதை அழுத்தினால் படம் போகத் தொடங்கும் என்று காட்டிவிட்டுப் போனார். இப்படித்தான், ஒரு முழங்காலை உத்தேசித்து அந்த வழி தேர்ந்தெடுக்கப்பட்டது.

வாத்தியார் நடந்துபோன சேதி கேட்டுச் சுயம்புலிங்கம் திரும்பி வந்தபோது, பட்டாசலில் ஒரு கல்யாணப் பெண் போய்க்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி நின்றார். பிறகு சந்தேகம் தீர்க்க நீலக் கேபிளைக் கொண்டுவந்து இரண்டு முனையிலும் மாட்டி, இருநூறு படத்தை அதில் விட்டுப் பார்த்தார். பத்தே நொடியில் போய்விட்டன. யாரும் நடக்கவில்லை. கேபிளைத் தொட்டால் காய்ச்சல்காரன் கை மாதிரி லேசாகச் சுட்டது, அவ்வளவுதான்.

“கேபிள்ல போனா உள்ளோடயே போயிருதாங்க. காத்துல விட்டா நடந்துதான் போகணும் போல,” என்றார். காரணம் பற்றி அதற்குமேல் யாரும் எங்கள் தெருவில் பேசியதாக நினைவில்லை. பேச வேறு விஷயங்கள் இருந்தன.

முதலில் வந்தவள் எதிர்வீட்டு எமரென்சி. அடுப்பில் சோறு கொதிக்கக் கொதிக்க, கையில் அகப்பையோடு தெருவைத் தாண்டி ஓடிவந்தவள், தன் அம்மா நார்ப்பெட்டியோடு பட்டாசலைக் கடந்துபோவதைப் பார்த்து, “யம்மா, செருப்புப் போடாம எங்க போற?” என்று கத்தினாள். அம்மா திரும்பவில்லை. கத்தினாலும் அழுதாலும் குறுக்கே விழுந்தாலும் அவர்கள் நிற்பதில்லை என்று அன்று தெரிந்தது. மறுநாள் எமரென்சி ஒரு நாற்காலியோடு வந்தாள். அதற்கு மறுநாள் பதினாலு நாற்காலி. பர்னபாஸ் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு ஃபோல்டர் போட்டிருந்ததால், நாளைக்கு எந்த வருடம் போகும் என்று சுயம்புலிங்கம் உத்தேசமாகச் சொல்ல, அந்த வருடத்தில் யார் யாருக்கு ஆள் இருக்கிறதோ அவர்கள் குளித்து, வெளுத்த துணி உடுத்திக் காலை ஒன்பது மணிக்கே வந்து உட்கார்ந்தார்கள். கோயில் பாதிரியாரான பங்குச்சாமி ஒருநாள் வந்து அரைமணி நேரம் பார்த்தார். போகும்போது சிலுவை போட்டுக்கொள்ளலாம் என்றார், மாலையும் சாம்பிராணியும் கூடாது என்றார், ஞாயிறு பூசை நேரத்தில் நிறுத்திவைக்க வேண்டும் என்றார். வாசல்வரை போனவர், தயங்கி நின்று, தொண்ணூற்றெட்டாம் வருடம் என்றைக்குப் போகும் என்று தெக்லாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

இறந்தவர்கள் மட்டும் போகவில்லை. இருக்கிறவர்களும் தங்கள் பழைய இடுப்போடும் தலைமுடியோடும் போனார்கள், அதில் சில வீடுகளில் தகராறு வந்தது. எமரென்சியின் புருசன் லூர்தையா, மணப்பாட்டில் நடந்த ஒரு கல்யாணக் கூட்டத்தில் வெற்றிலை போட்ட வாயோடு நடந்துபோனபோது, நாற்காலியில் இருந்த லூர்தையா எழுந்து நழுவப் பார்த்தார்.

“இந்தக் கல்யாணத்துக்கு லீவு கிடைக்கலன்னு சொன்னீரே?”

“அது நான் இல்லட்டி.”

“உம்ம நடை எனக்குத் தெரியாதா? வாத்து நடந்தா மாதிரி.”

“முப்பது வருசத்துக்குப் பொறவு கேக்குதியே, ஒனக்கே நல்லாருக்கா?”

“இப்பத்தானவே சாட்சி வந்திருக்கு!”

பட்டாசலே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவிலும் நடந்துகொண்டிருந்தவர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள்.

இரண்டாவது வாரத்தில் எங்கள் தெரு ஒரு தப்பு செய்தது. கம்பெனியில் ஒவ்வொரு காகிதத்துக்கும் இரண்டு பிரதி வைத்தே பழகிய பர்னபாஸ், வீட்டிலும் ஒவ்வொரு ஃபோல்டரையும் இன்னொரு பிரதி எடுத்து வைத்திருந்தார். அது தெருவுக்குத் தெரியாது. அதனால் ஒருமுறை போனவர்கள் அதே சட்டையோடு, அதே தட்டோடு, அதே நடையோடு மறுபடியும் போகத் தொடங்கியதும், மனசில் ஏதோ குறை வைத்துத்தான் திரும்பி வருகிறார்கள் என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். செத்துப்போன கிழவி ஜூசம்மாள் இரண்டாம் தடவை போனாள். கடைசிக் காலத்தில் அம்மாவை யார் பார்த்துக்கொண்டது என்ற சண்டையில் பதினாறு வருடம் முகம் பார்க்காமல் இருந்த அவளுடைய மூன்று மகள்களும், மூன்று மூலையில் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். மூத்தவள் எழுந்து போய் நடுவுள்ளவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடைசிக்காரி தரையில் வந்து இரண்டு பேர் மடியிலும் தலையைப் போட்டுக்கொண்டாள். மறுநாள் மூவரும் கல்லறைத் தோட்டத்துக்கு ஒன்றாகப் போய், வெயிலில் நின்று சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்தார்கள்.

“அக்கா, அது ரெண்டாவது காப்பிக்கா. கிழவிக்கு ஒரு குறையும் இல்ல,” என்று சுயம்புலிங்கம் தெக்லாவின் காதில் சொன்னார். “சொல்லிறட்டா?”

“நீங்க வாயத் திறக்காதீங்க தம்பி. டீயைக் குடிங்க,” என்றாள் தெக்லா.

அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நடந்துபோகிறவர்கள் ஒவ்வொருவரும் பட்டாசலின் பாதியில், மின்சார மீட்டர் பெட்டிக்குக் கொஞ்சம் இப்பால் ஓர் இடத்தில், முகத்தைத் திருப்பி ஒரு கணம் சிரித்துவிட்டுப் போவதை முதலில் கவனித்தது அவள்தான். எல்லோரும் ஒரே இடத்தைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை, ஒரு ஆள் உயரத்துக்கு வெறும் காற்று. எந்த ஊரில் எடுத்த படமானாலும், கேமராவோடு பர்னபாஸ் நின்ற இடம் அதுதான் என்று அவளுக்கு இரண்டாம் நாளே புரிந்துவிட்டது. அவள் சொல்லாமலே தெருவுக்கும் புரிந்துவிட்டது. அந்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போகிறவர்கள் தன்னைப் பார்த்தே சிரிப்பார்கள் என்று, அதற்கு ஒரு போட்டி வந்து, ஆளுக்குப் பத்து நிமிடம் என்று ஏற்பாடாயிற்று. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு இருபது நிமிடம்.

தெக்லா அந்த நாற்காலியில் உட்காரவில்லை. அவள் பின்னறை வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள்.

ஏனென்றால் அவளிடம் புருசன் முகம் இல்லை. கல்யாண ஆல்பம், புயல் வருடத்தில் கடல்தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது ஒரே கட்டியாக ஒட்டிப்போய்விட்டது. சவப்பெட்டிமேல் வைத்த படம்கூடக் கம்பெனி அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. அதில் இருந்தது புள்ளி புள்ளியாக, அதிகாரிக்குப் பதில் சொல்லப்போகிறவர்போல ஒரு முகம். அது அவருடைய முகம் இல்லை என்று அவளுக்குத் தெரியும், எது அவருடைய முகம் என்பதுதான் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக அவள் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. மூக்கு நினைவிருக்கும் நாளில் கண் நினைவில் இருக்காது. கண்ணை நினைத்துக்கொண்டு எழுந்திருப்பாள், பல் விளக்குவதற்குள் அது டைட்டஸின் கண்ணாகிவிடும். நாற்பத்தோராயிரம் படத்தில் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், கேமராவை அவர் கையிலிருந்து பிடுங்கி, நீங்க போய் நில்லுங்கண்ணே என்று சொல்லியிருக்க மாட்டார்களா என்றுதான் அவள் அந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலைக்காரர்கள் போனார்கள், அவர் வரவில்லை. கோயிலில் முதல்முறை புதுநன்மை அப்பம் வாங்கிய பிள்ளைகள் மெழுகுதிரியோடு போனார்கள், அவர் வரவில்லை. சப்பரம் தூக்கியவர்கள் தோளில் சப்பரம் இல்லாமல் தோளைச் சாய்த்தபடி போனார்கள், முதல் சம்பளத்தில் வாங்கிய சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒருவன் போனான், பிறந்த மூன்றாம் நாள் பிள்ளையைத் துணியில் சுற்றி ஏந்திக்கொண்டு நர்சு போனாள், உப்பளத்தில் வேலைசெய்த பெண்கள் கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு வெட்கப்பட்டுக்கொண்டு போனார்கள், அவர் வரவில்லை.

பதினேழாம் நாள் அவளே வந்தாள். கத்தரிப்பூ நிறப் புடவையில், இருபத்துநாலு வயசில், இடது கையில் கைக்கடிகாரத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டிக்கொண்டு பின்னறையிலிருந்து வந்தவள், மீட்டர் பெட்டிக்கு இப்பால் முகத்தைத் திருப்பி, வேறு யாரும் சிரிக்காத ஒரு சிரிப்பைச் சிரித்தாள். அன்றைக்கு அந்த நாற்காலியில் லூர்தையா உட்கார்ந்திருந்தார். அவர் சட்டென்று எழுந்து, அது தனக்கு வந்தது இல்லை என்று தெரிந்தவர்போல் தள்ளி நின்றார். தெக்லா அந்தப் பெண்ணையே பார்த்தாள். அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்த ஆளைத்தான் இவளும் தேடிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிகிறது, தனக்குத் தெரியவில்லை என்று இருபத்துநாலு வயசுக்காரியின்மேல் பொறாமையாக இருந்தது.

“ஏட்டி தெக்லா, அழுதியா?” என்றாள் எமரென்சி.

“இல்லக்கா. இவ்வளவு முடியா இருந்துச்சு எனக்குன்னு பாக்கேன்.”

நாலாவது வாரத்தில் பழைய கம்ப்யூட்டரிலிருந்து பல்லி உச்சுக்கொட்டுவதுபோல் ஒரு சத்தம் வரத் தொடங்கியது. சுயம்புலிங்கம் பெட்டியின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார். டாக்டர்கள் வெளியே வந்து சொல்வதுபோல் பட்டாசலுக்கு வந்து சொன்னார்.

“ஹார்ட் டிஸ்க் போகப்போகுது. நல்ல வேளைக்கு வருசம் வருசமா உள்ளது எல்லாம் போய்ச் சேந்துட்டு. மிச்சம் ஒரே ஒரு ஃபோல்டர்தான். அண்ணாச்சி அதுக்கு ‘வேண்டாம்’னு பேரு வச்சிருக்காங்க.”

“அதுல என்ன இருக்கு?”

“கழிச்ச படங்கக்கா. ஆடிப்போனது, கண்ணு மூடுனது, தலை வெட்டுப்பட்டது. ஒம்பதாயிரம் இருக்கு. மனுசன் ஒண்ணக்கூட அழிக்கல. ரெண்டாவது காப்பிகூட எடுக்கல இதுக்கு. நான் ஒண்ணு ரெண்டு திறந்து பாத்தேன், அதுக்கே டிஸ்க் திணறுது. வாங்க, காட்டுதேன்.”

அவர் திறந்தது மூன்று படம். முதலாவதில் ஒரு மாப்பிள்ளையின் தோள் மட்டும் இருந்தது. இரண்டாவதில் ஒன்றுமே இல்லை, முழுக்கச் சிவப்பு. “இது அண்ணாச்சி பெருவிரலு. கேமராக் கண்ணாடிய மறைச்சிருக்கு,” என்றார். மூன்றாவது கடற்கரை மணல். மாலை வெயில். மணலில் ஆள் யாரும் இல்லை, படம் எடுத்தவரின் நிழல் மட்டும் காலடியிலிருந்து நீளமாக விழுந்து கிடந்தது, இரண்டு முழங்கையும் தூக்கியபடி.

தெக்லா குனிந்து பார்த்தாள். காது இரண்டும் கொஞ்சம் விடைத்து நிற்பது அந்த நிழலில் தெரிந்தது. மறந்தே போயிருந்தாள், அவருக்குக் காது விடைத்திருக்கும்.

சுயம்புலிங்கம் பையிலிருந்து நீலக் கேபிளை எடுத்தார். “பத்து நிமிசம் அக்கா. உக்காந்த இடத்துல உக்காந்திருங்க, நான் போட்டு எடுத்துட்டுக் கேபிளச் சுருட்டிருதேன். பத்திரமா அந்தப் பக்கம் போயிரும்.”

“வைஃபைல விட்டா?”

அவர் அவளைப் பார்த்தார். “கழிச்சதுன்னு சின்னச் சின்னதாத்தான் ஏத்திருக்காங்க, அப்படியும் மூணு மணி நேரம் ஆகும். டிஸ்க் அவ்வளவு நேரம் தாங்காதுக்கா. ஒரு படம் பாதியில இருக்கும்போது நின்னுச்சுன்னு வைங்க, அது அங்கயும் இருக்காது, இங்கயும் இருக்காது. அதுக்குப் பின்னால உள்ளது ஒண்ணும் வராது.”

பட்டாசலில் இருந்தவர்கள் எல்லோரும் கேபிள் என்றார்கள். இருபத்தாறு நாளாகக் கேபிள் என்ற பேச்சையே எடுக்கவிடாதவர்கள் அவர்கள். அவரவர் ஆட்கள் பத்திரமாக முன்னறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதால் இப்போது பத்திரத்தின் அருமை தெரிந்திருந்தது. போனில் டைட்டஸும் அதையே சொன்னான்.

“அம்மா, கேபிள்லயே போடச் சொல்லுங்க. அப்பா நிழலாவது பத்திரமா இருக்கும்லா.”

“பத்திரமா இருந்து என்னல பண்ண?” என்றாள் தெக்லா. “முப்பத்தெட்டு வருசம் ஒரே வீட்டுல பத்திரமாத்தான் இருந்தாவ. நான் அடுப்படில இருப்பேன், அவுக அந்த ரூம்ல இருப்பாவ. அந்தா இருக்காவன்னு தெரியும், அதனால எட்டிப் பாக்கல.”

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“அந்தப் பொட்டிக்குள்ள ஒரு படமா வச்சிக்கிட்டு, எப்ப வேணா பாத்துக்கலாம்னு இருந்தா நான் பாக்கவே மாட்டேன்ல. என்னைய எனக்குத் தெரியாதா? இந்த ஒரு வாட்டி அவுக என் எதுக்க நடந்து வரட்டும். நான் உக்காந்து பாக்கேன்.”

சுயம்புலிங்கம் கேபிளைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். மத்தியானம் ஒரு மணிக்கு வைஃபையில் விட்டார்.

அன்றைக்குப் போனவர்களைப்போல் எங்கள் தெரு பார்த்ததில்லை. கண்ணை மூடியவர்களும், தும்மப் போனவர்களும், ஓடி ஆடியதால் மூன்று தலையும் ஆறு கையும் போல் கலங்கித் தெரிந்த பிள்ளைகளும், கழுத்துக்குமேல் இல்லாத மணப்பெண்களும், முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்த கிழவர்களும் போனார்கள். அவர்களில் யாரும் மீட்டர் பெட்டிப் பக்கம் திரும்பவில்லை, சிரிக்கவில்லை. சிரிக்கும் நேரத்துக்கு முன்னாலோ பின்னாலோ எடுக்கப்பட்டவர்கள் அவர்கள். அத்தனை நாள் உடுத்தி வாரிச் சீவிப் போனவர்களைவிட இவர்களைத்தான் எங்களுக்கு அடையாளம் தெரிந்தது. இப்படித்தானே அவர்கள் இருந்தார்கள், வீட்டுக்குள். எமரென்சியின் அம்மா வாய் நிறையச் சோற்றோடு போனாள். எமரென்சி சிரித்துக்கொண்டே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

பின்னறையில் பல்லிச் சத்தம் நெருக்கமாகிக்கொண்டு வந்தது. மூன்றே கால் மணிக்குப் பின்னறை வாசல் சிவந்தது. கதவளவு ஒரு சிவப்பு, கையை விளக்குக்கு முன்னால் பிடித்தால் விரல் ஓரத்தில் தெரியும் சிவப்பு, அடுப்புப் பக்கம்போல் வெதுவெதுப்பாகப் பட்டாசலை நிறைத்துக்கொண்டு கடந்து போனது. பெருவிரல் என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தெக்லா அது போகும் வழியில் கன்னத்தைச் சாய்த்துக் கொடுத்தாள்.

அதன் பிறகு மேசைவிரிப்பு ஒன்று போனது, யாருடையதோ குடை ஒன்று போனது. நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, மத்தியானத்துக்குமேல் வெயிலே விழாத அந்தத் தரையில், பின்னறை வாசற்படியில் இருந்து முதலில் ஒரு தலை வந்தது. விடைத்த இரண்டு காது. பிறகு தூக்கிய முழங்கைகள். பிறகு தோள், ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்த தோள், கேமராப் பை தொங்கித் தொங்கித் தாழ்ந்தது. நிழல் தரையோடு நகர்ந்து, நாற்காலிக் கால்களில் ஏறி இறங்கி, எங்கள் பாதங்களைக் கடந்து வந்தது. காலைத் தூக்கிக்கொண்டோம், மிதித்துவிடக் கூடாதே என்று. சுயம்புலிங்கம் பின்னறையில் கம்ப்யூட்டர் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்,” என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. நிழல் தெக்லாவின் நாற்காலிக்கு வந்தது. அவள் மடியில் ஏறியது.

சத்தம் நின்றது.

பெட்டியின் விளக்கு அணைந்தது. சுயம்புலிங்கம் வாசலுக்கு வந்து கையை விரித்தார். முன்னறையில் பச்சைக் கோடு முக்காலில் நின்றுவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. நிழல் போகும் என்று எல்லோரும் காத்திருந்தோம். அது போகவில்லை. பாதம் பின்னறைப் பக்கமாகவும் தலை தெக்லாவின் மடியிலுமாக, அது அங்கேயே கிடந்தது.

மறுநாளும் கிடந்தது. தெக்லா நாற்காலியை எடுத்ததும் மடியில் இருந்த பாகம் தரைக்கு இறங்கிக்கொண்டது, வேறு மாற்றமில்லை. காலையில் முன்வாசல் வழியாக வெயில் வந்து பட்டாசலில் பாதிவரைக்கும் விழும்போது, அந்த ஒரு இடத்தில் மட்டும் விழவில்லை. அங்கே கையை வைத்தால் குளிர்ந்திருந்தது. வீடு துடைக்க வரும் பெண் ஒரு வாரம் சுற்றித் துடைத்தாள். பிறகு, “நிழலும் தூசியாத்தான அம்மா கிடக்கும்,” என்று சொல்லி அதன்மேலும் துடைத்தாள். சித்திரை வெயிலில் லூர்தையா வந்து, “அண்ணன் நிழல்ல செத்த நேரம் உக்காந்துட்டுப் போறேன்,” என்று தோள் பக்கமாக உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டுப் போவார். பிள்ளைகள் தாண்டி விளையாடினால் எமரென்சி எதிர்வீட்டிலிருந்தே ஏசுவாள். விருந்தாளிகளுக்குப் பாய் போடும்போது கொஞ்சம் தள்ளிப் போடுவது எங்களுக்குப் பழகிவிட்டது.

வைகாசியில் ஒருநாள் காலை, சுயம்புலிங்கம் வேகமாக வந்தார். முகம் முழுக்கச் சந்தோசம்.

“அக்கா, மதுரையில ஒருத்தர் இருக்காரு. செத்த டிஸ்க்கத் திறந்து, உள்ளுக்குள்ள இருக்கத எடுத்துக் குடுத்திருவாராம். பேசிட்டேன். ஒரு வாரத்துல முடிச்சிரலாம்கார். மிச்சம் உள்ள ரெண்டாயிரம் படமும் வந்திரும். அண்ணாச்சி படமும் முழுசா வந்திரும்.”

தெக்லா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“வந்துட்டா, இது?” தரையைக் காட்டினாள்.

சுயம்புலிங்கம் நிழலைப் பார்த்தார். அந்தக் கேள்வியை அவர் வழியில் வரும்போது யோசித்திருக்கவில்லை. “இது... இது போயிரும்னு நினைக்கேன். அது சேந்த பிறகு இங்க என்ன சோலி? ஆனா உங்க லேப்டாப்புல இருக்கும்லா அக்கா. பெருசாக்கிப் பாக்கலாம். சட்டம் போட்டு மாட்டலாம். டைட்டசுக்கு அனுப்பலாம்.”

“அந்த ரெண்டாயிரத்துல அவுக முகம் இருக்குமா?”

“இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நான் எப்படிக்கா சொல்ல?”

அவள் கையில் இருந்த கீரைக்காம்பைப் பார்த்தாள். தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். அவன் சத்தம் கடல் பக்கமாகத் திரும்பிக் கரைந்தது. அந்த ரெண்டாயிரத்தில் ஒன்றில், யாரோ ஒருவர் பிடுங்கி எடுத்த ஒன்றில், அவர் சிரித்துக்கொண்டு நிற்கக்கூடும். அதை அவள் நினைத்துப் பார்த்திருப்பாள்.

“டிஸ்க்க எங்க வச்சிருக்கீங்க?”

“கடையிலதான் இருக்கு.”

“அங்கேயே இருக்கட்டும் தம்பி,” என்றாள். “அவுக பாதி வழி வந்துட்டாவ. இனி போகச் சொல்ல எனக்கு வாய் வரல.”

சுயம்புலிங்கம் தலையை ஆட்டினார். நிழலின் ஓரமாகச் சுற்றி நடந்து வாசலுக்குப் போனார்.

அவர் போன பிறகு தெக்லா கீரையை ஒதுக்கி வைத்தாள். எழுந்து, நாற்காலியை இழுத்து, நிழலின் தலை விழுந்து கிடந்த இடத்துக்கு எதிரே, அதன் பாதங்களைப் பார்த்தபடி போட்டாள். பாதங்கள் தொடங்குகிற இடத்தில், கேமராவைத் தூக்கியவர் நிற்க வேண்டிய இடத்தில், யாரும் இல்லை. முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள், காதோரத்து நரைமுடியை ஒதுக்கினாள், கைக்கடிகாரத்தை உள்பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, தாடையைக் கொஞ்சம் தூக்கி, கண்ணை மூடிவிடாமல் பார்த்துக்கொண்டு, அந்த இடத்தை நோக்கி அசையாமல் இருந்தாள்.